போட்டது ஒண்ணு, நடந்தது ஒண்ணு

டேய் பேராண்டி, அந்தப் பிளானரை இப்படிக் குடு, பார்த்துட்டுத் தர்றேன். பயப்படாத, கை கழுவிட்டுத்தான் வந்தேன். கெட்டி அட்டை, வழவழன்னு பேப்பரு, பக்கத்துக்கு அடையாளம் வைக்க நாடா, ஓரமெல்லாம் தங்கக் கலரு. 599 ரூபாயா? பரவால்லடா. "தமிழ்ப் புதல்வன்"னு 2024 ஆகஸ்ட்டுலேர்ந்து கவர்மென்ட்டு உங்களுக்கெல்லாம் மாசம் ஆயிரம் ரூபா போடுதே, அது எங்க போவுதுன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு விசாரம். இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. மீதி 401? ஆறு கலர்ல ஹைலைட்டரு, ஒரு அட்டை ஸ்டிக்கரு, ஒரு ஜப்பான் பேனா. அதான பார்த்தேன், கணக்கு டேலி ஆவுது.

மொதப் பக்கத்துல உன் பேரு. அம்மாம் அழகு. பரீட்சைப் பேப்பர்ல இப்படி எழுதியிருந்தா கணக்கு வாத்தியாரு எழுத்துக்காகவாவது பாஸ் போட்டிருப்பாரு. ரெண்டாம் பக்கம் "இந்த வருசக் குறிக்கோள்". மொத்தம் பதினாலு. சி.ஜி.பி.ஏ. ஒம்போதுக்கு மேல. கேட் எக்ஸாமு. ஜிம்மு. ஜப்பான் மொழி. சொந்தமா ஒரு யூடியூப் சேனலு. கணக்கு அரியரை முடிக்கிறது பதினாலாவது. அதுவும் கடைசி வரியில, எடம் பத்தாம ஓரத்துல மடக்கி எழுதியிருக்கே. அரியரு எங்கடா போயிடப் போவுது, அது உன்னை விட்டுட்டுப் போற சாதியா?

மூணாம் பக்கம் டைம்டேபிளு. விடிகாலை 4.30க்கு எழுந்திருக்கிறே. 4.35க்குத் தியானம். 5 மணிக்கு ஓட்டம். அப்பால படிப்பு, காலேஜு, படிப்பு, ஜிம்மு, படிப்பு. ராத்திரி 11.30க்குப் படுக்கை. கூட்டிப் பார்த்தேன், 19 மணி நேரம் வருது. 2023 ஏப்ரல்ல ஃபேக்டரியில 12 மணி நேர வேலைக்கு வழி விடுற திருத்தத்தைச் சட்டசபையில நிறைவேத்துனாங்க. தொழிற்சங்கமெல்லாம் கெளம்பி நின்னுச்சு. மே தினத்தன்னைக்கு வாபஸ். 12 மணி நேரத்துக்கே அந்தக் கதி. நீ உனக்கு நீயே 19 மணி நேரச் சட்டம் போட்டுக்கினு இருக்கே. எதுத்துக் கேக்க சங்கம் இல்ல, கொடி புடிக்க ஆளு இல்ல. ஆனா வாபஸ் மட்டும் ஜோராய் ஆயிருக்குது. நாலாம் பக்கத்துலேர்ந்து அட்டை வரைக்கும் ஒரு எழுத்து இல்ல.

மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. நான் திட்டல. இந்த விசயத்துல தாத்தனுக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. உங்க ஆயாவைக் கேட்டா "அந்த ஆளு நெலத்துலயும் உருப்படியா நிக்கல, கம்பெனியிலயும் உருப்படியா நிக்கல, கேட்டாண்ட குந்திக்கினு வர்றவன் போறவனை எண்ணிக்கினு இருந்தாரு"ன்னு சொல்லுவா. நெசந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஒரு ரோலிங் மில்லுல எனக்கு டைம் ஆபீஸ்ல வேலை. ஏ ஷிப்ட்டு காலை 6 மணி, பி ஷிப்ட்டு மதியம் 2, சி ஷிப்ட்டு ராத்திரி 10. சங்கு ஊதினா கார்டு பஞ்ச் பண்ணணும். லேட்டா வர்றவன் என் சன்னலாண்ட வந்து தலையைச் சொறிவான். கவரப்பேட்டைக் கேட்டை சாத்திட்டாங்கம்பான். தச்சூர் கூட்ரோட்டுல லாரி கவுந்துருச்சும்பான். ஒருத்தனுக்கு ஒரே வருசத்துல ஒரே தம்பிக்கு ரெண்டு தரம் கல்யாணம் நடந்துச்சு. நான் மொய் கூட எழுதினேன்.

அந்த ஆபீஸ்ல ரெண்டு சமாச்சாரம் இருந்துச்சு, கேட்டுக்கோ. ஒண்ணு, போர்டுல தொங்குற ஷிப்ட் சார்ட்டு. எந்த நாளு எந்த நேரத்துல யாருக்கு வேலைன்னு தொழிலாளி கண்ணுல படுற மாதிரி எழுதி மாட்டியே ஆவணும்னு 1948ஆம் வருசத்து ஃபேக்டரி சட்டம் சொல்லுச்சு. இன்னொண்ணு, என் மேசை மேல இருந்த மஸ்டர் ரோலு. யாரு வந்தான், எத்தனை மணிக்கு வந்தான், எப்ப போனான். ஷிப்ட் சார்ட்டு சூப்பர்வைசரோட ஆசை. மஸ்டர் ரோலு நடந்த நெசம். மாசம் முடிஞ்சா சம்பளம் எதைப் பார்த்துப் போடுவாங்க? சார்ட்டைப் பார்த்தா? மஸ்டரைப் பார்த்துத்தான்.

நீ 599 குடுத்து வாங்கியிருக்கிறது வெறும் ஷிப்ட் சார்ட்டு. மஸ்டர் ரோலு இல்லாத கம்பெனி ஒரு மாசம் தாங்காது. உன் பிளானரு மூணு பக்கம் தாங்கியிருக்குது, அதுவே பெருசு.

ராத்திரி பத்து மணிக்கு, வயிறு நெறைய சாப்பிட்டுட்டு, ஃபேன் காத்துல குந்தி "நாளைக்கு 4.30க்கு எழுந்திருக்கணும்"னு எழுதுறானே, அவன் மேனேஜரு. காலையில 4.30க்கு அலாரம் அடிக்கும்போது போர்வையை இழுத்து மூடுறானே, அவன் லேபரு. ரெண்டு பேருக்கும் பேரு ஒண்ணு, சட்டை ஒண்ணு, ஆனா ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல. மேனேஜரு லேபரை ஒரு வார்த்தை கேக்காம சார்ட்டு போடுறான். லேபரு மேனேஜருக்கு ஒரு வார்த்தை சொல்லாம லீவு போடுறான். நடுவுல ஒரு டைம் ஆபீஸ் வேணும்டா. அந்த ஆபீஸை எப்படித் தொறக்கிறதுன்னு சொல்லத்தான் உன்னைக் கூப்புட்டேன்.

ஒரு ஸ்கேலு எடு. பக்கத்துக்கு நடுவுல மேலேர்ந்து கீழ ஒரு கோடு போடு. ஹைலைட்டரு வேணாம், பென்சில் போதும். இடது பக்கம் "போட்டது". வலது பக்கம் "நடந்தது". ராத்திரி எழுதுறது இடது பக்கம். மறுநாளு பூரா என்னா நடந்துச்சோ அது வலது பக்கம். இடது பக்கம் "காலை 6 முதல் 7 வரை, ஷாஃப்ட் சம்மு நாலு"ன்னு இருந்துச்சுன்னு வெச்சுக்கோ. வலது பக்கம் "6.40க்கு எழுந்தேன், பல்லு விளக்கி டீ குடிச்சு 7.05, சம்மு ஒண்ணு, ரெண்டாவது பாதியில காலேஜ் பஸ்"னு எழுது. வெக்கப்படாத. அழிக்காத. "நாளைலேர்ந்து கண்டிப்பா"ன்னு பக்கத்துல பொன்மொழி எழுதாத. மஸ்டர் ரோலுல நான் பொன்மொழி எழுதினதில்ல, மணியைத்தான் எழுதினேன்.

இந்த வலது பக்க வேலையில நம்ம ஆளு ஒருத்தரு பெரிய கை. ஆனந்தரங்கப் பிள்ளை. 1709ல பொறந்தது நம்ம வண்டி போற வழியாண்ட இருக்குதே, அந்தப் பெரம்பூர்ல. போய்ச் சேர்ந்தது புதுச்சேரி. அங்க பிரெஞ்சுக் கவர்னரு துய்ப்ளேக்குத் துபாஷி. 1736 செப்டம்பர்ல தினப்படி எழுத ஆரம்பிச்சவரு 1761 ஜனவரி வரைக்கும், சாவு வர்ற வரைக்கும், விடல. எந்தக் கப்பலு வந்துச்சு, எத்தனை பீரங்கி முழங்குனாங்க, யாரு யாரைப் பத்திக் கவர்னராண்ட கோள் மூட்டுனான், எல்லாம் தேதி போட்டுத் தமிழ்ல. அவரு "இந்த வருசக் குறிக்கோள்"னு பதினாலு எழுதி வெச்சுட்டுப் போயிருந்தா எவனாவது தேடிப் படிச்சிருப்பானா? நடந்ததை எழுதினாரு, இன்னைக்கு அது சரித்திரம். உன்னைச் சரித்திரம் எழுதச் சொல்லல. ஒரு செமஸ்டருக்கு எழுது, போதும்.

எதுக்கு எழுதணும்? உன் பெரியப்பன் மவ சைக்காலஜி படிக்கிறாளே, அவ ஒண்ணு சொன்னா. கனடாவுல ரோஜர் பியூலர்னு ஒருத்தரும் கூட ரெண்டு பேரும் 1994ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்களாம். கடைசி வருசப் புள்ளைங்க ஆய்வேடு எழுதிக்கினு இருக்கும்போது, "எத்தனை நாள்ல முடிப்பீங்க?"ன்னு கேட்டாங்க. சராசரியா 34 நாளுன்னாங்க. "சரி, எல்லாமே தப்பாப் போனா?"ன்னு கேட்டாங்க. 49 நாளு போலன்னாங்க. கடைசியில ஆனது 55 நாளுக்கு மேல. எல்லாம் தப்பாப் போனாலும்னு போட்ட கணக்கையும் தாண்டிப் போச்சு பாரு. கனடாவுல கரன்ட்டும் போவல, கவரப்பேட்டைக் கேட்டையும் சாத்தல. அப்பவும் இந்த லட்சணம்.

அவ சொல்றதைக் கேட்டா, மனுசன் "எம்மாம் நேரம் ஆவும்?"னு நெனைக்கும்போது வரப்போறதை மட்டுந்தான் பார்க்கிறானாம், போன தடவை எம்மாம் ஆச்சுன்னு திரும்பிப் பார்க்கிறதே இல்லையாம். அதுக்குத்தான் வலது பக்கம். ரெண்டு வாரம் எழுதிப் பாரு. நீ ஒரு மணி நேரம்னு போடுறது உனக்கு ரெண்டரை மணி நேரம் ஆவுதுன்னு உன் கையெழுத்தே சொல்லும். அதுக்கப்புறம் மேனேஜரு சார்ட்டு போடும்போது மரியாதையா ரெண்டரை மணி நேரம் போடுவான். பதினாலு குறிக்கோள்ல பத்து தானா ராஜினாமா பண்ணிக்கினு போவும். அரியரு ஒண்ணாம் நம்பருக்கு வரும். ஜப்பான்காரன் கோவிச்சுக்க மாட்டான்.

அடுத்தது, எந்தத் தேதியில எழுதுறதுன்னு உனக்குத் தெரியல. காலேஜ்ல "18ஆம் தேதி டிசைன் அசைன்மென்ட் வைக்கணும்"னு சொன்னா நீ பிளானர்ல 18க்கு நேரா செவப்புல எழுதி, நட்சத்திர ஸ்டிக்கரு ஒட்டிட்டுத் தூங்கப் போயிடுறே. அந்த நட்சத்திரம் உன் கண்ணுல எப்பப் படும்? 17 ராத்திரி.

நெல்லு வெக்கிறவனைப் பாரு. நம்ம பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் வருசத்துக்கு மூணு பட்டம். சொர்ணவாரி, சம்பா, நவரை. உனக்கு ரெண்டு செமஸ்டருதான், எங்களுக்கு மூணு. எங்களுக்கு ரீவேல்யுவேஷனும் கெடையாது. பொங்கலுக்குக் களத்துல புதுநெல்லு வேணும்னா நான் பொங்கல் தேதியில "அறுப்பு"ன்னு எழுதி வட்டம் போட்டா நெல்லு வருமா? பாபட்லா பொன்னிக்கு 145லேர்ந்து 150 நாளு. பொங்கல்லேர்ந்து பின்னால எண்ணிக்கினே வந்தா ஆடிக் கடைசியில வந்து நிக்கும். அன்னைக்கு வெதை நாத்தங்கால்ல இருக்கணும். அதுக்கு முன்னால ஓட்டியிருக்கணும். அதுக்கும் முன்னால டிராக்டர்காரன்கிட்ட சொல்லி வெச்சிருக்கணும். "ஆடிப் பட்டம் தேடி வெதை"ன்னு சும்மாவா சொன்னான்? அறுப்புத் தேதியில ஆரம்பிச்சு வெதைக்கிற தேதிக்கு நடந்து வந்தவன் சொன்ன பேச்சு அது.

உன் அசைன்மென்ட்டையும் அப்படி எண்ணு. 18 குடுக்கிற நாளு. 17ஐச் சும்மா விட்டுடு. அன்னைக்கு பிரின்ட்டு எடுக்கப் போனா கடைக்காரன் டோனரு தீர்ந்துருச்சும்பான். பிரின்ட்டு 16. படம் போடுறது 14, 15. சம்மு 12, 13. சந்தேகம் கேக்க சாரைப் புடிக்கிறது 10, ஏன்னா 11ஆம் தேதி அவரு "ஆன் டூட்டி"யில போயிருப்பாரு. டிசைன் சம்முக்கு வேண்டிய பி.எஸ்.ஜி. டேட்டா புக்கு உன்கிட்ட இல்ல, சீனியரு ஒருத்தன்கிட்ட இருக்குது. அவன் அதை இன்னொருத்தனுக்குக் குடுத்திருக்கான். அதைத் துரத்திப் புடிக்க 8, 9. ஆவ, பிளானர்ல நீ எழுத வேண்டியது 18 இல்ல, 8. அதுவும் "அசைன்மென்ட் வேலை"ன்னு எழுதாத. "மதியம் சாப்பாட்டு நேரம், சீனியர்கிட்ட டேட்டா புக்கு கேக்கணும்"னு எழுது. என்னா செய்யணும், எப்போ, எங்கன்னு இருந்தா லேபரு எழுந்து வருவான். "படிக்கணும்"னு மொட்டையா எழுதினா அவனுக்கு எந்த மெஷினாண்ட போய் நிக்கிறதுன்னே தெரியாது, கேன்டீனுக்குப் போயிடுவான்.

உங்க அண்ணா யுனிவர்சிட்டியில 2021 ரெகுலேஷன்படி தியரி பேப்பருக்கு இன்டர்னலே 40 மார்க்கு, செமஸ்டரு எக்ஸாம் 60. அதுக்கு முந்தின ரெகுலேஷன்ல இன்டர்னலு வெறும் 20தான். அப்ப படிச்சவன் கடைசி மாசத்துல விழுந்து பொரண்டு எழுந்து வந்துடுவான். இப்ப வருசம் பூராத் தூங்கிட்டுக் கடைசி மாசம் கண்ணு முழிச்சா மிச்சம் இருக்கிறதே 60தான். நூத்துக்கு நாப்பதை இப்ப இந்த ஆடி மாசத்துலயே கொஞ்சம் கொஞ்சமா அறுத்துக்கினு வரணும். இதைச் சொன்னா உங்கப்பன் "அவனுக்குத் தெரியும் விடு நைனா"ங்கிறான். அவனுக்குத் தெரிஞ்சிருந்தா கணக்கு அரியரு பதினாலாவதா வந்திருக்குமா?

அட்டென்டன்ஸும் அப்படித்தான். 75 பர்சென்ட்டு வேணும்னா, நூறு பீரியடுக்கு 25 உன் கையிருப்பு. அதை எவனும் பிளானர்ல எழுதுறதில்ல. ஆடி மாசம் கூழ் ஊத்துறதுக்கு ஒரு நாளு, ஆவணியில மாமன் மவ கல்யாணத்துக்கு மூணு நாளு, புதுப்படத்துக்கு "வயித்து வலி" ஒரு நாளுன்னு செலவு பண்ணிட்டு, ஐப்பசியில நெசமாவே காய்ச்சல் வரும்போது கையில காலணா இருக்காது. கடைசிப் பக்கத்துல ஒரு பாஸ்புக்கு மாதிரி எழுதிக்கினு வா. செலவு, மிச்சம். மிச்சம் பத்துக்குக் கீழ வந்துட்டா மாமன் மவளாண்ட போன்லயே வாழ்த்து சொல்லிடு.

மழை லீவை நம்பிக்கினு இருக்கியா? தெரியும்டா. ஐப்பசி பொறந்தா நீங்கல்லாம் ராத்திரி பூரா "திருவள்ளூர் மாவட்டத்துக்கு விடுமுறை"ன்னு கலெக்டரு சொல்லிட்டாரான்னு போனைத் தேய்க்கிறதை நானும் பார்க்கிறேன். உன் செமஸ்டரு எக்ஸாமு விழுறது நவம்பரு, டிசம்பர்ல. ஆரணி ஆத்துல தண்ணி பெருகுறதும் அப்பதான். 2023 டிசம்பரு மொத வாரம் மிக்ஜாம் புயல்ல என்னா ஆச்சு? கரன்ட்டு இல்ல, ரயிலு இல்ல, எக்ஸாமைத் தள்ளி வெச்சாங்க. தள்ளி வெச்சதும் ஜாலின்னு எவன் இருந்தானோ அவனுக்கு, தண்ணி வடிஞ்சதும் எக்ஸாமும் மறுபடி தேதி போட்டுக்கினு வந்து நின்னுச்சு. புத்தகம் நனைஞ்சு போனதுதான் மிச்சம். ஆவ, அந்த ரெண்டு மாசத்துப் பக்கத்துல வாரத்துக்கு ஒரு நாளைக் காலியா விடு. மழை வந்தா அது மழைக்கு. வரலைன்னா பாக்கி வேலைக்கு.

காலி எடம் விடுறதுன்னதும் உனக்குக் குஷியாயிடுச்சு பாரு. மில்லுல மெஷினுக்கே பி.எம்.னு ஒரு நாளு ஒதுக்குவாங்க. ஓடிக்கினு இருக்கிற மெஷினை நாமளா நிறுத்தி, எண்ணெய் போட்டு, போல்ட்டை முறுக்கி விடுறது. அதைச் செய்யலைன்னா மெஷினு தானா ஒரு நாளு நிக்கும், அது நமக்கு வசதியான நாளா இருக்காது. மனுசனுக்கும் அந்த 48ஆம் வருசத்துச் சட்டத்துல கணக்கு இருந்துச்சு. தொடர்ந்தாப்புல அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, நடுவுல அரை மணி நேரமாவது விடணும். வாரத்துக்கு ஒரு நாளு லீவு. ஒரு நாளைக்கு ஒம்போது மணி நேரம், அதுக்கு மேல போனா ஓ.டி. சம்பளம் ரெண்டு மடங்கு. நீ உனக்கு ஓ.டி. சம்பளமா குடுக்கப் போறே? 19 மணி நேரத்தை அடிச்சுட்டு, காலேஜு போக மூணு மணி நேரம் படிப்புன்னு எழுது. அந்த மூணு மணி நேரம் மஸ்டர்ல வந்துச்சுன்னா நான் எழுந்து நின்னு சலாம் போடுறேன்.

அந்த மூணு மணி நேரமும் மேசையாண்டதான்னு இல்ல. மெட்ராஸுக்கு டிரெயினிங்னு போறியே, கும்மிடிப்பூண்டியில ஏறினா ஒக்கார எடம் கெடைக்குது. போனை உள்ள வெச்சுட்டு ஒரு சின்ன நோட்டை எடு. பொன்னேரி வர்றதுக்குள்ள நாலு ஃபார்முலா. அனுப்பம்பட்டு தாண்டி மீஞ்சூர் வர்ற வரைக்கும் பார்க்காம சொல்லிப் பாரு. மீஞ்சூர்ல கூட்டம் ஏறிடும், அதுக்கு மேல வேர்வையைத்தான் மனப்பாடம் பண்ண முடியும். அத்திப்பட்டாண்ட ஏதாவது எக்ஸ்பிரஸுக்கு வழி விட்டு நின்னுச்சுன்னா ஓசியில இன்னொரு ரிவிஷன். இதையும் "நடந்தது"ல எழுதலாம், தப்பில்ல.

குரூப் ப்ராஜெக்ட்டுன்னு ஒண்ணு வெச்சிருக்கீங்களே, நாலு பேரு சேர்ந்து ஒருத்தன் செய்யுறது, அதுக்கும் நம்மகிட்ட வழி இருக்குது. பழவேற்காட்டுக்கு ஒரு நாளு போய்ப் பாரு. ஏரியில எறா புடிக்கிற எடத்துக்கு மீனவருங்களுக்குள்ள "பாடு"ன்னு ஒரு ஏற்பாடு, தலைமுறை தலைமுறையா. நல்ல எடத்துல எல்லாரும் ஒரே நாள்ல வலையைப் போட்டா சண்டைதான் மிஞ்சும். அதனால சீட்டுப் போட்டு முறை வெச்சுக்கிறாங்க. இன்னைக்கு இந்த எடம் இவனுக்கு, அடுத்த முறை அவனுக்கு. முறை தெரிஞ்சுபோச்சுன்னா எவனும் "எனக்குத் தெரியாதே மச்சான்"னு சொல்ல முடியாது. உங்க ப்ராஜெக்ட்டுக்கும் மொத நாளே சீட்டுப் போடு. யாரு ரிப்போர்ட்டு, யாரு மாடலு, யாரு சாரைப் பார்க்கிறது, எந்தத் தேதி. நாலு பேரு பிளானர்லயும் எழுதிக் கையெழுத்து வாங்கு. கையெழுத்துப் போடும்போது எவன் கை நடுங்குதோ அவன் வேலையை இப்பவே நீ கத்துக்க.

இதெல்லாம் போன்லயே ஆப்புல இருக்குது தாத்தாங்கிறியா? இருக்கட்டும். போன்ல மணி அடிக்கும், பார்க்க எடுப்பே, அப்பால எவளோ தோசை சுடுறதை முக்கா மணி நேரம் பார்ப்பே. அந்தத் தோசை உனக்கு வரவும் வராது. மணி அடிக்கிறதுக்குப் போனை வெச்சுக்கோ. கணக்குக்குக் காகிதம்.

காகிதம்னதும் 599 ரூபாய்க் காகிதம்னு நெனைக்காத. உங்கம்மா பிளானரைப் பார்த்திருக்கியா? அடுப்பங்கரையில ஆணியில மாட்டியிருக்குதே தினசரி காலண்டரு, மளிகைக் கடையில சும்மா குடுத்தது. அதுல தேதித் தாளுக்குள்ள பேனாவுல "கேஸ் மாத்துனது" எழுதியிருக்கும். பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. சீட்டு கட்டுற தேதியில ஒரு கோடு, மகளிர் குழுத் தவணைக்கு ரெண்டு கோடு. அவளுக்கு இந்த வாரம் ஏ ஷிப்ட்டா பி ஷிப்ட்டான்னு மூலையில ஒரு எழுத்து. கம்பெனியில பேக்கிங் செக்ஷன்ல நின்னுக்கினே எட்டு மணி நேரம், வூட்டுல அதுக்கு மேல. இருந்தும் இத்தனை வருசத்துல கேஸு தீர்ந்து நீ பட்டினி கெடந்ததுண்டா? அவ குறிக்கோள் பக்கம் எழுதுனதில்லடா. தாளைக் கிழிக்கிறதுக்கு முன்னால ஒரு தரம் பார்ப்பா, அம்மாந்தான். காலையில பல்லு விளக்கும்போது நீயும் அப்படி ஒரு தரம், ராத்திரி படுக்கிறதுக்கு முன்னால ஒரு தரம் பிளானரைப் பாரு. ரெண்டும் சேர்ந்து அஞ்சு நிமிசம். எழுதுறதைக் காட்டியும் பார்க்கிறதுதான் வேலை.

அந்தக் காலண்டரு அடிக்கிற சிவகாசிக்காரனும் லேசுப்பட்டவன் இல்ல. அடுத்த வருசக் காலண்டருக்கு இந்த வருசம் ஆடிப்பெருக்கன்னைக்கே பூசை போட்டு ஆல்பத்தை வெளியிடுறான். ஜனவரிக்கு விக்கிற சரக்குக்கு ஆடியில வேலை. காலண்டர் விக்கிறவனே பின்னால எண்ணித்தான் பொழைக்கிறான். வாங்குறவன் மட்டும் டிசம்பரு 31 ராத்திரி முழிச்சுக்கினு குறிக்கோள் எழுதுறான்.

அதே காலண்டர்ல ராகு காலம், எமகண்டம் போட்டிருக்கும். நான் பார்க்கிறவன்தான். ஆனா நீ பார்க்க ஆரம்பிச்சே, அப்பால உன்னைக் கையில புடிக்க முடியாது. திங்கக்கெழமை 7.30லேர்ந்து 9 ராகு காலம், 10.30லேர்ந்து 12 எமகண்டம். நடுவுல இருக்கிற ஒன்றரை மணி நேரத்துல டீ குடிச்சுட்டு வந்தா திங்கக்கெழமையே முடிஞ்சுபோச்சும்பே. சிப்காட்டுல சங்கு எந்த ராகு காலத்துக்கும் நின்னதில்ல. பொண்ணு பார்க்கப் போவும்போது ராகு காலம் பாரு. டேட்டா புக்கு கேக்கப் போவும்போது வேணாம்.

சரி, ரொம்பப் பேசிட்டேன். இம்மாம் நேரம் சொன்னதுக்குக் கூலி வேணாமா எனக்கு? பிளானரைத் தொற. வர்ற ஞாயித்துக்கெழமைப் பக்கம். இடது பக்கத்துல எழுது. "தாத்தா வேலை"ன்னு மொட்டையா எழுதுனா ஒத்துக்க மாட்டேன். "விடிகாலை 5.30, பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலு, தாத்தாவை பைக்ல இட்டுகினு போறது." ஆடி ஞாயித்துக்கெழமை, கூட்டம் பிச்சுக்கும், 5.30 விட்டா வண்டி நிறுத்த எடம் கெடைக்காது. பின்னால எண்ணு. 5.30க்குக் கெளம்பணும்னா 5 மணிக்கு எழுந்திருக்கணும். சனிக்கெழமை ராத்திரியே பெட்ரோலு போட்டிருக்கணும். அதுக்குத் துட்டு மாசாமாசம் வர்ற ஆயிரத்துல எடுத்து வெச்சிருக்கணும், அந்த ஸ்டிக்கரு கடைப் பக்கம் மறுபடியும் போவாம.

எழுதிட்டியா? வலது பக்கத்துல நீ எழுதாத. அன்னைக்கு எத்தனை மணிக்கு வண்டி ஸ்டார்ட் ஆவுதுன்னு பார்த்து நான் எழுதிக் கையெழுத்துப் போடுறேன். அஞ்சு நிமிசம் கிரேஸ் டைம் உண்டு. அதுக்கு மேல தம்பி கல்யாணம்னு வந்து நிக்காத, உனக்குத் தம்பியே கெடையாது.